பதிவாளர் மேசை வரை: அமெரிக்கத் தென்மாநிலங்களில் வாக்காளர் கல்வி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கம் என்றால் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் உரையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஆண்டுகளில், கடைகளின் பின்னறையிலும் தேவாலயத்திலும் பருத்திக்காட்டு வீடுகளின் திண்ணையிலும் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது: வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆட்களைத் தயார்ப்படுத்துவது. என்னைக் கேட்டால் இயக்கத்தின் முதுகெலும்பே அதுதான் என்பேன். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

கறுப்பினத்தவருக்கு 1870-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்குப் போராட்டம்?

கிடைத்தது உண்மை. இனத்தையும் நிறத்தையும் காரணம் காட்டி யாருக்கும் வாக்கை மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது திருத்தம் சொன்னது. தென்மாநிலங்கள் இனம் என்ற சொல்லைத் தொடாமலே அதைச் சுற்றிக்கொண்டு போயின. மிசிசிப்பி 1890-ல் புதிய மாநில சாசனம் எழுதியது. அதன்படி வாக்களிக்க ஆளுக்கு இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். சாசனத்தின் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளக்கவோ தெரிய வேண்டும். மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. லூசியானா 1898-ல் இன்னொரு தந்திரம் செய்தது: 1867-க்கு முன் வாக்களித்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் தேர்வு கிடையாது. அந்த நாளில் வாக்களித்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ‘தாத்தா விதி’யை உச்ச நீதிமன்றம் 1915-ல் ரத்து செய்தது, ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது. லூசியானாவில் 1896-ல் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் சுமார் 1,30,000. 1904-ல் 1,342.

எழுத்தறிவுத் தேர்வில் என்னதான் கேட்பார்கள்?

1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் ஒருவர் பெயர் சேர்க்கப் போனால், 21 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பெயர், வயது, முகவரி, எங்கே வேலை செய்கிறீர்கள், முதலாளி யார் என்று போகும். முதலாளி பெயரை எதற்குக் கேட்கிறார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் மாநில சாசனத்திலிருந்து பதிவாளர் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். அதைப் பார்த்து எழுத வேண்டும். அதன் பொருளை எழுத வேண்டும். குடிமகனின் கடமைகள் என்ன என்றும் எழுத வேண்டும். சாசனத்தில் மொத்தம் 285 பிரிவுகள். “கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது” என்ற ஒற்றை வரிப் பிரிவும் அதில் உண்டு. வக்கீலே தலையைச் சொறியும் நீளமான பிரிவுகளும் உண்டு. எது யாருக்கு என்பது பதிவாளரின் விருப்பம். எழுதியது சரியா தப்பா என்பதும் அவர் விருப்பம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

1962-ல் இன்னொன்றும் சேர்ந்தது. விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பார்க்க வெறும் நடைமுறை. பண்ணையாருக்கும் வங்கிக்காரருக்கும் அது அச்சில் வந்த ஆள்காட்டிப் பட்டியல்.

‘சோப்புக்கட்டியில் எத்தனை குமிழிகள்?’ என்று கேட்டார்களாமே, உண்மையா?

ஜான் லூயிஸ் உட்பட இயக்கத்தில் இருந்தவர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பதிவாளர் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியும் என்பதால் நம்ப முடியாத கதை அல்ல. இருந்தாலும் இந்தக் கதை ஊரெங்கும் பரவியதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கேள்வி அபத்தமாக இருந்ததால்தான் ஆட்கள் தோற்றார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒழுங்கான கேள்வி, ஒழுங்கான பதில், ஆனாலும் ‘தேறவில்லை’ என்பதுதான் அதிகம் நடந்தது.

அப்படியானால் நன்றாகப் படித்தவர்கள் தேறினார்களா?

மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் நகரம் இருக்கும் ஃபாரஸ்ட் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் போல. அங்கே பதிவாளராக இருந்தவர் தெரன் லிண்ட். பட்டம் பெற்ற கறுப்பின அறிவியல் ஆசிரியரையே அவர் திருப்பி அனுப்பினார். மத்திய நீதித்துறை அவர்மீது வழக்குப் போட்டது. நீதிமன்றம் உத்தரவு போட்டும் மனிதர் இழுத்தடித்தார். நீதித்துறையின் ஜான் டோர் போன்ற வழக்கறிஞர்கள் ஒவ்வொரு கவுண்டியாக இப்படி வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வழக்கு முடிய ஆண்டுக்கணக்காகும்.

தேர்வே மோசடி என்றால் வகுப்பு நடத்தி என்ன பயன்?

நல்ல கேள்வி. இரண்டு பதில் உண்டு.

முதலாவது, எல்லா இடமும் மிசிசிப்பி அல்ல. தென் கரோலினாவில் சாசனத்தின் ஒரு பகுதியைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருந்தால், பெயர் சேர்க்கலாம் என்பது விதி. அங்கே எழுத்துத் தெரிந்தால் கதவு திறக்க வாய்ப்பு இருந்தது. வகுப்புகள் தொடங்கியதும் அங்கேதான்.

சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒன்று உண்டு. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் அங்கிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிச் செல்வார். போகும் வழியில் சாசன வரிகளைப் பயணிகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பெண் இப்படிக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனாலும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. ஒப்பித்தால் போதாது, நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார்.

டென்னசியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளியின் உதவியோடு தீவில் ஒரு பழைய கட்டடம் வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்னறைகளில் பள்ளி. வெள்ளையர் கண்ணில் படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 1957 ஜனவரி 7 அன்று முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். வாரம் இரண்டு இரவு, வயல்வேலை குறைவாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்.

பாடம் நடத்த வந்தவர் பெர்னிஸ் ராபின்சன், சிகையலங்காரம் செய்கிறவர், ஆசிரியர் அனுபவம் இல்லாதவர். சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு அது ஒத்துவராது என்று உடனே புரிந்துவிட்டது. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். பைபிள் படிக்க வேண்டும், பத்திரிகை படிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. பதிவுப் படிவத்தில் இருக்கும் சொற்களும் அதோடு சேர்ந்தன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு அட்டையில் அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே பென்சிலால் திரும்பத் திரும்ப எழுதவைப்பார். பென்சிலை அழுத்திப் பிடித்தே ஒடித்துவிடும் கைகள் அவை. கலப்பை பிடித்துப் பழகியவை. 65 வயதுப் பெண் ஒருவர் கரும்பலகையில் இருந்த பெயர்களுக்கு நடுவே தன் பெயரை அடையாளம் கண்டு, ராபின்சன் கையிலிருந்த அளவுகோலை வாங்கி, எழுத்துக் கூட்டிச் சுட்டிக்காட்டியதை ராபின்சன் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. எழுத்தோடு வேறு விஷயங்களும் வகுப்பில் வந்தன: வரி எங்கே போகிறது, பள்ளிப் பேருந்து ஏன் நம் தெருவுக்கு வருவதில்லை, இதை யாரிடம் கேட்பது. ‘அரசியல் வெள்ளைக்காரர் வேலை’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்த இடத்தில் இந்தக் கேள்விகள்தான் பெரிய பாடம். மிசிசிப்பியில் தேர்வில் தேற வழியே இல்லாதபோதும் வகுப்புகள் நடந்தது இதற்காகத்தான்.

முறையான ஆசிரியர்களை ஏன் வைக்கவில்லை?

வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. இந்தத் திட்டத்தின் மூளை செப்டிமா கிளார்க். அவரே 40 ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1956-ல் தென் கரோலினா மாநிலம், அரசு ஊழியர் யாரும் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அவர் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்தார். வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. சம்பளம் கொடுப்பவர் கையில் ஆசிரியரின் குடுமி இருக்கிறது என்பதை அவரைவிட யார் அறிவார்?

சிகையலங்காரக் கடை வைத்திருக்கும் கறுப்பினப் பெண்ணுக்கு வாடிக்கையாளர்களும் கறுப்பினப் பெண்கள்தான். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதோடு ஊர்ச் செய்தி முழுக்க அங்கே வந்து சேரும். சத்தமாகப் படிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்து, ஊரார் மதிக்கும் ஆளாக இருந்தால் கிளார்க்குக்குப் போதும். ரொம்பப் படித்தவர்கள் வந்தால் பேச்சு பெரிதாகி மக்கள் வாய் மூடிவிடும் என்பது அவர் அனுபவம்.

டென்னசி அரசு ஹைலாண்டரை 1961-ல் இழுத்து மூடியது. அதற்குள் திட்டம் கிங் தலைமையிலான தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்புக்கு மாறிவிட்டது. ஜார்ஜியாவின் டார்ச்செஸ்டர் மையத்தில் கிளார்க், டோரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். தலைவர்களின் பேச்சு கொண்டாடப்பட்ட அளவுக்கு கிளார்க், காட்டன் போன்ற பெண்களின் வேலை கொண்டாடப்படவில்லை. இயக்கத்துக்குள் பெண்களை ஆண்கள் ஒதுக்கியதைப் பற்றி கிளார்க்கே பிற்காலத்தில் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்.

பெயர் சேர்க்கப் போனால் என்ன ஆகும்?

ஃபேனி லூ ஹேமர் கதையைச் சொன்னால் போதும். மிசிசிப்பியின் ரூல்வில்லில் பருத்திப் பண்ணையில் 18 ஆண்டு வேலை பார்த்தவர். கறுப்பினத்தவரும் வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்பதையே 1962 ஆகஸ்டில், 44 வயதில், ஸ்னிக் என்று அழைக்கப்பட்ட மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு ஊர்த் தேவாலயத்தில் நடத்திய கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் பேருந்தில் பதிவு அலுவலகம் இருந்த இந்தியனோலாவுக்குப் போனார்கள். அவருக்கு வந்தது சாசனத்தின் 16-வது பிரிவு. அதில் இருந்த சட்டச் சொல்லைப் பற்றி, கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். தேறவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. குற்றம், பேருந்தின் நிறம் சரியில்லையாம்! அபராதத்தை எல்லோரும் காசு போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார் பண்ணையார். “உங்களுக்காக நான் அங்கே போகவில்லை, எனக்காகத்தான் போனேன்” என்றார் ஹேமர். அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. சில நாட்களில், அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டின் மீது 16 முறை துப்பாக்கியால் சுட்டார்கள். 1963 ஜனவரியில் தேறினார். சரி, வாக்களிக்கலாம் என்று போனால், இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீது எங்கே என்றார்கள். அந்த ஜூனில் தென் கரோலினாவில் வகுப்பு நடத்தும் பயிற்சி முடித்துத் திரும்பும்போது வினோனா ஊரில் கைது செய்து, சிறைக்குள் அவரையும் உடன் வந்தவர்களையும் கொடூரமாக அடித்தார்கள். அந்த அடியின் பாதிப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இவர் உயிரோடு இருந்தார். ஆமிட் கவுண்டியில் பதிவு வேலைக்கு உதவிய விவசாயி ஹெர்பர்ட் லீயை 1961 செப்டம்பரில் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். தண்டனை இல்லை. அதைப் பார்த்த சாட்சியான லூயிஸ் ஆலனும் 1964 ஜனவரியில் கொல்லப்பட்டார்.

வயிற்றில் அடிப்பதும் உண்டு. கிரீன்வுட் நகரத்தில் பதிவு வேலை சூடுபிடித்ததும், லெஃப்ளோர் கவுண்டி நிர்வாகம் 1962 குளிர்காலத்தில் மத்திய அரசின் இலவச உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்தியது. பருத்தி வேலை முடிந்தபின் அதை நம்பித்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. ஸ்னிக் வடமாநிலங்களிலிருந்து லாரியில் உணவு வரவழைத்தது. வரிசையில் நின்ற மக்களிடம், உங்கள் அரிசியை நிறுத்தியது யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பேச்சு தொடங்கியது. எந்த வகுப்பிலும் நடத்த முடியாத பாடத்தை நிர்வாகமே நடத்திக் கொடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

1962-ல் வாக்காளர் கல்வித் திட்டம் என்று ஒன்றை அட்லாண்டாவில் இருந்த தென்மண்டலப் பேரவை தொடங்கியது. டாக்கோனிக், ஃபீல்டு போன்ற அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. வழக்கறிஞர் வைலி பிராண்டன் அதை ஐந்து பெரிய அமைப்புகளுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் பங்கிட்டார். கென்னடி அரசின் ஆதரவும் இருந்தது. பேருந்து நிலையங்களில் மோதல் நடந்து உலகப் பத்திரிகைகளில் படம் வருவதைவிடப் பதிவு வேலை அமைதியாக நடக்கும் என்பது வாஷிங்டன் போட்ட கணக்கு. ஸ்னிக் இளைஞர்களில் பாதிப்பேர் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1961-ல் இதற்காகவே அமைப்பு உடையும் நிலை வந்து, நேரடிப் போராட்டத்துக்கு ஒரு பிரிவு, பதிவுக்கு ஒரு பிரிவு என்று, இளைஞர்களுக்கு ஆலோசகராக இருந்த எல்லா பேக்கர் (Ella Baker) என்ற மூத்த பெண்மணி சமாதானம் செய்துவைத்தார். மிசிசிப்பிக்குப் போன பிறகு இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்துபோயிற்று.

1962 முதல் 1964 வரை தென்மாநிலங்கள் முழுவதும் கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மிசிசிப்பியில் மட்டும் 4,000-க்கும் குறைவு. பணம் போகிறது, பெயர் ஏறவில்லை என்று திட்டம் அந்த மாநிலத்தை விட்டே விலகியது.

பதிவு செய்யவே விடாதபோது மிசிசிப்பியில் என்ன செய்தார்கள்?

தாங்களே ஒரு தேர்தல் நடத்தினார்கள். கறுப்பினத்தவருக்கு வாக்களிப்பதில் ஆர்வம் இல்லை என்பது மாநில அரசு வழக்கமாகச் சொல்லும் பதில். அதை உடைக்க, 1963 நவம்பரில் தேவாலயங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் பெட்டி வைத்து ‘விடுதலை வாக்கு’ நடத்தினார்கள். மருந்துக்கடை வைத்திருந்த ஆரன் ஹென்றி ஆளுநர் வேட்பாளர். சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டுப் பழகியது அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த ஆண்டு விடுதலைக் கோடை. வடமாநிலக் கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பெரும்பாலோர் வெள்ளையர்; அவர்கள்மீது அடி விழுந்தால்தான் நாடு திரும்பிப் பார்க்கும் என்ற கசப்பான கணக்கும் அதில் இருந்தது. கணக்கு பலித்தது. ஜூன் 21 அன்று சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டபோது நாடே பேசியது, இருவர் வெள்ளையர். அந்தக் கோடையில் சுமார் 17,000 கறுப்பினத்தவர் பதிவு அலுவலகப் படியேறினார்கள். ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் சுமார் 1,600.

அலபாமாவின் செல்மா நகரத்தின் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு வந்த ஊர்வலத்தினரைப் போலீஸ் அடித்து நொறுக்கிய காட்சி தொலைக்காட்சியில் வந்ததால். ஆனால் அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே அங்கே வாக்காளர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் 15,000 பேரில் 1961-ல் பதிவானவர்கள் 156. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே திங்கட்கிழமை திறக்கும். 1963 அக்டோபர் 7 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோன ஸ்னிக் இளைஞர்களை மின்கோலால் குத்திக் கைது செய்தார்கள்.

நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் நாள் 1965 ஜனவரி 22. நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். அவர்கள் சம்பளம் வெள்ளையர்கள் நடத்தும் கல்வி வாரியத்தின் கையில். சிறைக்குப் போகவும் தயார் என்று காட்டப் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்திருந்தார்கள். கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் தடியால் அவர்களைப் படியிலிருந்து திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். அதைப் பார்த்த மாணவர்களும், முடிவெட்டுபவர்களும், இறுதிச் சடங்கு நடத்துபவர்களும் அடுத்தடுத்த நாட்களில் ஊர்வலம் வந்தார்கள்.

1965 சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

பதிவைப் பொறுத்தவரை தலைகீழ் மாற்றம். ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம், தேர்வு வைத்து ஆட்களை ஒதுக்கிய மாநிலங்களில் தேர்வையே நிறுத்தியது. முரண்டு பிடிக்கும் கவுண்டிகளுக்கு மத்திய அரசே அதிகாரிகளை அனுப்பியது. மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பினப் பதிவு 1967-ல் 59.8 சதவீதம். 1951-52-லேயே எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோரை வாக்குச்சாவடிக்கு அழைத்த நாட்டிலிருந்து பார்த்தால், இது எவ்வளவு தாமதம் என்று தோன்றும்.

தலைவரி மட்டும் மாநிலத் தேர்தல்களில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஹாட்டிஸ்பர்க்கில் கடை வைத்திருந்த வெர்னான் டாமர், வரி கட்ட அலுவலகம் போக அஞ்சுபவர்கள் என் கடையிலேயே கட்டலாம் என்று வானொலியில் அறிவித்தார். 1966 ஜனவரி 10 அன்று அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். குடும்பம் தப்பிக்க நேரம் கொடுத்து நெருப்புக்குள் நின்று திருப்பிச் சுட்ட அவர் அன்றே இறந்தார். அந்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் தலைவரி செல்லாது என்றது.

பெயர் ஏறிய பிறகு வகுப்புகள் நின்றுவிட்டனவா?

இல்லை, பாடம் மாறியது. அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டியில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. பெயர் சேர்த்ததற்காகப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அங்கே ஸ்னிக் படக்கதைப் புத்தகங்கள் அச்சிட்டது: ஷெரீஃபின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார், அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் என்ன செய்யலாம். எழுத்து கம்மி, படம் அதிகம். அலபாமாவில் கட்சிகளுக்குச் சின்னம் உண்டு, நம் ஊர் போலவே. ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல். அதோடு ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்ற வாசகமும் 1966 வரை வாக்குச்சீட்டில் இருந்தது. லவுண்டஸ் மக்கள் தனிக் கட்சி தொடங்கிக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக எடுத்தார்கள். பிறகு கலிபோர்னியாவில் பிரபலமான கருஞ்சிறுத்தைக் கட்சி அந்தச் சிறுத்தையை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1966-ல் லவுண்டஸில் தோற்றார்கள். 1970-ல் அவர்களில் ஒருவரான ஜான் ஹியூலெட் ஷெரீஃப் ஆனார்.

செப்டிமா கிளார்க் 1970களில் சார்ல்ஸ்டன் கவுண்டிக் கல்வி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பறிபோன ஓய்வூதியமும் அந்தப் பத்தாண்டில்தான் திரும்பக் கிடைத்தது.

1965 வாக்குரிமைச் சட்டம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது, பல் கொஞ்சம் விழுந்துவிட்டது. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பகுதி. எந்தெந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் சூத்திரம் பழையது என்று சொல்லி 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சூத்திரம் போனதும் முன் அனுமதியும் பெயரளவுக்கு ஆகிவிட்டது. எழுத்தறிவுத் தேர்வு திரும்பவில்லை. 1975-ல் நாடு முழுக்க நிரந்தரமாகத் தடை செய்துவிட்டார்கள். இப்போதைய வழக்குகள் அடையாள அட்டை விதிகள், பட்டியலிலிருந்து பெயர் நீக்கம், மூடப்படும் வாக்குச்சாவடிகள், தொகுதி எல்லைகள் ஆகியவற்றைப் பற்றியவை.